முளைக்குச்சியோடு கடல் தாண்டிய எருமை

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தாள். எந்தக் காடு என்றால், சயாம் பக்கத்துக் காடு. வழி கேட்காதே. நீ போகப்போவதில்லை.

எருமையின் பெயர் சாலி. நல்ல கறுப்பு, அகலமான முதுகு. ஒரு குளம், குளம் நிறையச் சேறு, சேற்றில் கழுத்துவரை அவள். யாருக்கும் சொந்தமில்லாத எருமை. மூக்கில் கயிறு கிடையாது. காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மேயப் போவாள். இதைப் பெரிய விஷயம் என்று அந்தக் காட்டில் யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

அவளுக்கு ஒரு புருஷன். அவன் நாரை.

சிரிக்காதே. மனிதர்களில் இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடியை நீயே பார்த்திருப்பாய்.

நாரையின் பெயர் பெர்சி. மேற்கே கடலுக்கு அப்பால் மூடுபனித் தீவு என்று ஒன்று உண்டு. அங்கே வெயில் விருந்தாளி மாதிரி. வந்தால் எல்லாரும் வெளியே வந்து நின்று பார்ப்பார்கள். அங்கே குளிர் தொடங்கியதும் பெர்சி பறந்து இங்கே வந்துவிடுவான். காட்டு வாசலில் ஒரு காவல் குரங்கு. பெர்சி இறங்குவான், முகத்தைக் காட்டுவான். குரங்கு கைகூப்பும். அவ்வளவுதான். எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு கேள்வி கிடையாது. வெள்ளை இறகு. போதும்.

முதல் தடவை வந்தபோது களைப்பில் சாலியின் முதுகில் இறங்கிவிட்டான். பாறை என்று நினைத்தான். பாறை காதை ஆட்டியது. "மன்னிக்கவும்" என்றான்.

"உக்காரு. இடது தோள்ல ஒரு உண்ணி இருக்கு. அதை எடுத்துட்டு மன்னிப்புக் கேளு" என்றாள் சாலி.

இப்படித்தான் ஆரம்பம். அதுவரை மீனைத் தவிர எதையும் தொடாதவன், உண்ணி தின்னக் கற்றுக்கொண்டான். காட்டார் கூடி அவள் கொம்பிலும் அவன் காலிலும் வெள்ளை நூல் கட்டினார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணம் அப்படி. நூல் கட்டியாயிற்று என்றால் கட்டியாயிற்று.

பிறகு ஒரு குளிர்காலம் வந்தது. பெர்சி வரவில்லை.

தகைவிலான் குருவி ஒன்று செய்தியோடு வந்தது. புயலில் சிக்கி பெர்சியின் இறக்கை ஒடிந்துவிட்டதாம். கட்டுப் போட்டிருக்கிறார்களாம். எலும்பு சேராதாம். இனிப் பறக்க மாட்டானாம்.

"என்ன சொன்னான்?" என்றாள் சாலி.

"நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னாரு. நீங்க வர வேணாமாம். குளிராம்."

"சாப்பிடறானா?"

குருவி இறகைக் கோதியது.

சாலி சேற்றிலிருந்து எழுந்தாள். அவன் வர முடியாது. அவளும் போகாவிட்டால் இனிப் பார்ப்பதற்கில்லை. எருமைக்கு யோசனை மெதுவாக வரும். வந்துவிட்டால் திரும்பிப் போகாது.

தீவுக்குத் திமிங்கிலம் ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் விசா இருந்தால்தான் ஏற்றும். விசாவுக்கு மனு வாங்குவது பனைமரத்தடியில் ஓர் ஓணான். வாங்குவது மட்டும்தான் ஓணான். முடிவு எடுப்பது எங்கோ ஒரு குகையில் இருக்கும் வௌவால். அதை யாரும் பார்த்ததில்லை. தலைகீழாகத் தொங்கியபடி எல்லாவற்றையும் படிக்கும் என்று மட்டும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வரிசை குளக்கரைவரை நின்றது. சாலிக்கு முன்னால் ஒரு பன்றி, குட்டி ஒவ்வொன்றுக்கும் தனி மனு வேண்டும் என்று கேள்விப்பட்டு, எது எந்தக் குட்டி என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

சாலியின் முறை வந்தது.

"எதுக்குப் போறீங்கம்மா?" என்றது ஓணான்.

"என் புருஷனைப் பாக்கணும்."

ஓணான் தலையாட்டியது.

"அவர் மேல ரொம்பப் பிரியமோ?"

"பிரியம் இல்லாமயா கடல் தாண்டறேன்?"

இன்னும் வேகமாகத் தலையாட்டியது.

"அவர் இல்லாம இருக்க முடியாதோ?"

"முடியலை. அதான் வரிசையில நிக்கறேன்."

ஓணான் ஆட்டிய ஆட்டில் தலையே கழன்று விழும் போலிருந்தது.

சாலி ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினாள். கிடைத்துவிட்டது என்று காடு முழுக்கச் சொன்னாள். தலையாட்டினால் சம்மதம். அந்தக் காட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததே இல்லை. நீர்நாய் பெர்சிக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தது. தவளைகள் பயணப்பாட்டு பாடின. கேட்கச் சகிக்கவில்லை.

முடிவு வந்தது. ஓணான் படித்துக் காட்டியது. "மனுதாரருக்குக் கணவர் மேல் அளவுகடந்த அன்பு இருப்பது தெளிவாகிறது. ஆகவே போனால் திரும்பி வர மாட்டார். மனு மறுக்கப்படுகிறது."

சாலி ஓணான் பக்கம் திரும்பினாள். "நீதானே தலையாட்டின?"

"நான் எப்பவும் ஆட்டுவேம்மா" என்றது ஓணான், ஆட்டிக்கொண்டே. "எங்கப்பாவும் ஆட்டுவாரு."

பனைமரத்துக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. கதை என்றால் நரி ஏமாற்ற வேண்டும். நீ அதற்குத்தான் காத்திருக்கிறாய். இந்த நரி ஏமாற்றவில்லை. அது செய்ய வேண்டியதை எல்லாம் விதிகளே செய்துவிட்டதால் பழைய தொழிலை விட்டுவிட்டு, போகிறவர் வருகிறவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. நல்ல யோசனைதான். அதனால் யாருக்கும் பிரயோஜனம் இருக்கவில்லை.

"தங்கச்சி, அன்பை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினா எப்படி?" என்றது நரி. "விசாவுக்கு அன்பு உப்பு மாதிரி. அள்ளிப் போடக் கூடாது."

"எவ்வளவு போடணும் நரியண்ணே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மரத்தடியில உக்காந்திருக்கேன்? கொறைச்சுப் போட்டுப் பாரு."

மறுபடி வரிசை. மறுபடி ஓணான்.

"புருஷன் மேல பிரியமா?"

"ஏதோ இருக்கான்" என்றாள் சாலி. காது சுட்டது. "பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி."

சொல்லிவிட்டுக் கொம்பில் இருந்த வெள்ளை நூலை யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

முடிவு வந்தது. "அன்பு போதவில்லை. இந்த உறவு உண்மையானதுதானா என்ற ஐயம் எழுகிறது. மனு மறுக்கப்படுகிறது."

சாலி போய்ச் சேற்றில் முழுகினாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. நரி கரையில் வந்து உட்கார்ந்தது.

"தங்கச்சி, ராத்திரியெல்லாம் யோசிச்சேன். வௌவாலுக்கு உன் மனசு வேணாம். நீ திரும்பி வருவேங்கறதுக்குக் கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது வேணும். இங்க உன்னை எது கட்டிப் போட்டிருக்கு?"

"எதுவும் கட்டிப் போடலையே" என்றது மூக்கு.

"அதை வெளிய சொல்லிடாத."

"குளம் இருக்கு."

"உன் பேர்ல இருக்கா?"

"தவளை பேர்லயே இல்ல."

நரி பெருமூச்சு விட்டது. "வயக்காட்டுல தோங்குன்னு ஒரு காளை இருக்கான். அவனுக்கு முதல் மனுவிலேயே கொடுத்துட்டாங்க. எப்படின்னு போய்க் கேளு."

தோங் வயல் ஓரத்தில், ஒரு முளைக்குச்சியில் கட்டப்பட்டு நின்றான். விசாவைக் கொம்பில் மாலை மாதிரித் தொங்கவிட்டிருந்தான். வெயிலில் அது வெளுத்துப் போயிருந்தது.

"நீண்டகால விசாக்கா" என்றான். "எத்தனை தடவை வேணும்னாலும் போயிட்டு வரலாம்."

"எத்தனை தடவை போன?"

தோங் கயிற்றைப் பார்த்தான். கயிறு போன வழியே முளைக்குச்சியைப் பார்த்தான். "போறதுக்கு அவுக்கணுமே."

"அப்புறம் எதுக்குடா வாங்கின?"

"எல்லாரும் வாங்கினாங்க. ஒரு மரியாதைதான். விஷயம் என்னன்னா அக்கா, இந்தக் குச்சி. ஓணான் வந்து இழுத்துப் பாத்துது. அசையலை. கொடுத்துட்டாங்க."

சாலி நெடுநேரம் அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வயல்காரன் வீட்டு வாசலில் போய் மூக்கை நீட்டினாள்.

ஒரு காட்டெருமை தானாக வந்து மூக்கை நீட்டினால் எந்த மனிதன் வேண்டாம் என்பான்? அவன் காரணம்கூடக் கேட்கவில்லை. ஊசியைச் சுட வைத்தான். மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்தான். வலித்தது. சாலி கத்தவில்லை. பெர்சியின் ஒடிந்த இறக்கையை நினைத்துக்கொண்டு நின்றாள். தோங்குக்குப் பக்கத்தில் ஒரு முளைக்குச்சியை ஆழமாக அடித்து அவளைக் கட்டினான்.

மூன்றாவது மனுவைப் பார்க்க ஓணான் வந்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தது. தலையாட்டியது. இந்தத் தடவை சாலி அதைக் கண்டுகொள்ளவில்லை.

முடிவு வந்தது. "மண்ணில் ஆழமாக ஊன்றியவர். விசா வழங்கப்படுகிறது."

காடே திரண்டு வந்து வாழ்த்தியது. நரிக்குக் கண்ணில் தண்ணீர். தோங்கும் மகிழ்ந்தான். "ரொம்ப சந்தோஷம்க்கா. இனி நீயும் போக வேணாம்" என்றான்.

அவன் சொன்னது கேலி இல்லை. சாலி வயல்காரனிடம் முகத்தைத் திருப்பிக் கயிற்றைக் காட்டினாள். அவன் உழவு முடியட்டும் என்றான். உழவு முடிந்தது. நடவு முடியட்டும் என்றான். அதற்குள் விசாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இன்ன நாளுக்குள் போகாவிட்டால் செல்லாது. செல்லாவிட்டால் மறுபடி பனைமரம்.

தகைவிலான் குருவி மறுபடி வந்தது. வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னது. "மெலிஞ்சுட்டாரு. தண்ணிப் பக்கம் போறதே இல்ல. ஒத்தக் கால்ல நின்னு கிழக்கையே பாக்கறாரு."

சாலி மண்டி போட்டு முளைக்குச்சியை முட்டினாள். மறுபடி முட்டினாள். குச்சி ஒரு கட்டி மண்ணோடு வெளியே வந்தது. கயிறு மட்டும் மூக்கை விட்டுக் கழலவில்லை. அதை அவிழ்க்கக் கை வேண்டும். எருமைக்கு ஏது கை?

"தோங்கு, நடவுக்குள்ள வந்துடறேன்னு மனுஷன்கிட்ட சொல்லு."

"சொன்னா என்னைத்தான் இன்னும் இறுக்கிக் கட்டுவான்."

"சொல்லுடா."

"சரிக்கா."

குச்சியை வாயில் கவ்விக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். திமிங்கிலம் விசாவைப் பார்த்தது, குச்சியைப் பார்த்தது, ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டது. திமிங்கிலத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கிழக் குரங்குத் தம்பதி. மகனைப் பார்க்கப் பலதடவை போய்வந்தவர்கள். வழியெல்லாம் புத்தி சொன்னார்கள்.

"அங்க வாசல்ல சிரிக்காதம்மா. சந்தேகப்படுவாங்க" என்றது ஆண் குரங்கு.

"அழாத. அதுக்கும் சந்தேகப்படுவாங்க" என்றது பெண்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"யோசிச்சுச் சொல்லாத. யோசிச்சா பொய்யாம்."

"டக்குன்னும் சொல்லிடாத. மனப்பாடமாம்."

சாலி வாயில் குச்சி இருந்ததால் எதுவும் சொல்லவில்லை. அதுவே நல்ல பயிற்சி.

மூடுபனித் தீவின் வாசலில் இரண்டு வழி. ஒன்றில் தீவுக்காரர்கள் முகத்தைக் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்கள். மற்றதில் மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு முள்ளெலி. மிக மரியாதையான பிராணி. எதைச் சொல்வதானாலும் முதலில் மன்னிப்புக் கேட்கும். பிறகு குத்தும்.

"மன்னிக்கவும் அம்மையாரே. வந்த நோக்கம்?"

சாலி குச்சியைக் கீழே வைத்தாள். "புருஷனைப் பாக்க."

"மன்னிக்கவும். திரும்பிப் போவீர்கள் என்பதற்கு?"

இதற்காகத்தானே இவ்வளவு தூரம். சாலி குச்சியைக் கவ்வி எடுத்து மேசை மேல் வைத்தாள். சயாம் மண் உதிர்ந்தது. "முளைக்குச்சி" என்றாள் பெருமையாக.

முள்ளெலி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிவந்து பார்த்தது. "உறுதியானதுதான். ஆனால், மன்னிக்கவும், இது இங்கே இருக்கிறதே?"

"ஆமா. தூக்கிட்டு வந்தேன்."

"இது இங்கே இருந்தால், அங்கே உங்களைக் கட்டியிருப்பது எது?"

நரி இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. முள்ளெலி, மனதுக்கு வருத்தமான வேலை வந்தால் செய்வதுபோல், பந்தாகச் சுருண்டுகொண்டது. பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "மன்னிக்கவும். ஓரமாக நில்லுங்கள். அடுத்த திமிங்கிலம் கிழக்கேதான் போகிறது."

சாலி ஓரமாகப் போனாள். அங்கே தடுப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பனி கொஞ்சம் விலகியது. சதுப்பு நிலம். அதில் ஒற்றைக் காலில் ஒரு வெள்ளை உருவம், ஒரு பக்கம் கட்டுப் போட்டு, கிழக்கே பார்த்துக்கொண்டு. காலில் நூல் அழுக்காகியிருந்தது. தொடைதான் இருந்த இடம் தெரியவில்லை, அவ்வளவு மெலிவு.

சாலி திரும்பி மேசைக்கு வந்தாள். வரிசையில் யாரும் தடுக்கவில்லை. எருமை வரும்போது யாரும் தடுப்பதில்லை.

"ஐயா, உருண்டது போதும். எழுந்திரு."

பந்து லேசாக விரிந்தது.

"உங்க ஊரு எனக்கு வேணாம். சேறு குளிருது. புல்லு ஊறிப்போயிருக்கு. வெயிலைக் காணோம். எதை நம்பி இங்க தங்குவேன்? அவன் பறக்க மாட்டான். எனக்கு முதுகு இருக்கு. ஏத்திக்கிட்டு எங்க ஊருக்குப் போயிடறேன். அவ்வளவுதான். விட்டா விடு, விடாட்டி போ."

முள்ளெலியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

"மன்னிக்கவும். அவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?"

"பின்ன?"

"ஒரேயடியாகவா?"

"பறக்க மாட்டான்னு சொன்னேனே. திரும்பி எப்படி வருவான்?"

"வயதானவர். இறக்கை ஒடிந்தவர். வைத்தியர் வீட்டு வரிசையில் இடம் பிடித்து நிற்பவர்."

"அவனேதான்."

முள்ளெலி உள்ளே ஓடியது. அதைவிடப் பெரிய முள்ளெலியோடு வந்தது. பெரியது அதைவிடப் பெரியதைக் கூப்பிட்டது. கூடிக் கிசுகிசுத்தார்கள். பிறகு மூவரும் வரிசையாக நின்று தலை வணங்கினார்கள்.

"அம்மையாரே, இதை முதல் மனுவிலேயே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலை."

முத்திரை விழுந்த சத்தம் சதுப்புவரை கேட்டது. தடுப்புக் கயிற்றை அவர்களே அவிழ்த்தார்கள். ஒரு முள்ளெலி சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்தது. இன்னொன்று முளைக்குச்சியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தது. பெரியது சாலியின் முதுகை அளவெடுப்பதுபோல் பார்த்தது.

"மன்னிக்கவும். முதுகில் இன்னும் இடம் இருக்கிறது போலிருக்கிறதே. என் மாமியார் ஒருவர் இருக்கிறார்."

சாலி அதைக் கேட்காத மாதிரி நடந்தாள்.

பெர்சி அவளைப் பார்த்தான். மற்றக் காலையும் கீழே ஊன்றினான்.

"வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேனே. குளிர்."

"குளிருதுதான். ஏறு."

"உன் மூக்கில் என்ன அது?"

"விசா."

அவன் கயிற்றைப் பார்த்தான். மூக்கைப் பார்த்தான். அலகைத் திறந்தான். வழக்கமாகச் சொல்லும் அந்த "மன்னிக்கவும்" வரவில்லை.

"ஏறு" என்றாள் சாலி. "இடது தோள்ல உண்ணி இருக்கு. போன வருஷத்துலேர்ந்து கடிக்குது."

திரும்பிவந்து இறங்கியபோது சொந்தக் காட்டு வாசலில் காவல் குரங்கு சாலியை நிறுத்தியது. எங்கே போய் வருகிறாய், மூக்கில் என்ன, இந்தக் குச்சி யாருடையது என்று துளைத்தெடுத்தது. அவள் முதுகில் இருந்தவன் முகத்தைக் காட்டினான். குரங்கு அவனுக்குக் கைகூப்பியது.

நடவுக்குள் வருவேன் என்று சொன்னவள் நடவுக்குள் வந்துவிட்டாள். வயல்காரனுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவன் காட்டிக்கொள்ளவில்லை. குச்சியைப் பழைய குழியில் அடித்தான். சாலி நடவுக்குச் சேறு கலக்கினாள். பெர்சி முதுகில் உட்கார்ந்து உண்ணி தின்று சதை வைத்தான். நடவு முடிந்தது. வயல்காரன் கயிற்றை அவிழ்க்கவில்லை. அறுப்பு முடியட்டும் என்றான்.

பெர்சி சண்டை போடவில்லை. முளைக்குச்சியின் தலையில் ஏறி நின்றுகொண்டு கயிற்றை ஒவ்வொரு நாராகக் கொத்த ஆரம்பித்தான். நாரைக்குக் காத்திருப்பது சிரமமில்லை.

தோங் பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, அதை முடிச்சுட்டு என்னதையும் கொஞ்சம்."

"உனக்கு எங்கே போக வேண்டும்?" என்றான் பெர்சி.

"எங்கயும் இல்ல. சும்மாதான்."

ஒருநாள் ஓணான் மூச்சிரைக்க ஓடிவந்து வௌவாலின் புது முடிவைப் படித்தது. "சொன்னபடி திரும்பி வந்து நம்பிக்கைக்கு உரியவர் என்று நிரூபித்ததால், இனி எத்தனை தடவை வேண்டுமானாலும் தீவுக்கு வரலாம். கணவருடன் நெடுநாள் தங்கலாம்."

"அங்க யாரு இருக்கா?" என்றாள் சாலி.

ஓணான் தலையாட்டியது. சாலி அந்தத் தாளை வாங்கி மென்றாள். சுவை இல்லை. துப்பிவிட்டாள்.

நீதி: அடுத்தவன் வாசலில் போய் அன்பைக் காட்டாதே, பயந்துவிடுவான். முளைக்குச்சியைக் காட்டாதே, குறுக்குக் கேள்வி கேட்பான். "உங்கள் ஆள் ஒருவரைக் குறைத்துத் தருகிறேன்" என்று சொல், கதவைக் கழற்றியே கொடுப்பான். மாமியார்களை மட்டும் ஏற்றிக்கொள்ளாதே.